வலிக்காத கல்லுக்கு ஏன் இத்தனை அவசரம்?

காவிரிப் படுகையைச் சேர்ந்த 41 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்றரை ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்ட பிறகு, ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அம்மா கொடுத்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு 1.1 அளவிலேயே நின்றிருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு), கடந்த மூன்று மாதங்களில் 1.3, 1.6 என்று ஏறியிருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மாற்றுச் சிறுநீரகத்தில் 14 மி.மீ. கல் ஒன்றும், லேசான சிறுநீர்த் தேக்கமும் தெரிந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஸ்கேனில் கல் எதுவும் இல்லை. ஒரு மருத்துவர் அதிர்வலை சிகிச்சையில் உடைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் துளையிட்டு எடுப்பதே நல்லது என்கிறார். அண்ணனோ, "அம்மா கொடுத்ததைக் குத்திக் கெடுத்துவிடுவார்கள்" என்று பயந்து, வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் கொடுத்துவருகிறார். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதால் பொதுத்தேர்வு முடிந்து மே விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாமா, வலி சிறிதும் இல்லையே என்று கேட்கிறார். அறுவைக்கு முன், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பது அவருடைய இன்னொரு கேள்வி. கடிதத்தின் கடைசி வரி இது: "நான் கொடுத்ததே கல்லுள்ள கிட்னியா என்று அம்மா இரவெல்லாம் தூங்குவதில்லை."

அன்புச் சகோதரிக்கு,

அறிக்கைகளின் நகல்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் கேள்விகளில் விடுமுறை பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கெல்லாம் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது, அதற்கு இல்லை.

வலி இல்லை என்பதன் பொருள்

சாதாரணமாகச் சிறுநீரகக் கல் வந்தவர் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவார். நள்ளிரவிலேயே மருத்துவமனைக்கு வந்துவிடுவார். கல் சிறுநீர்ப் பாதையை அடைக்கும்போது உள்ளே அழுத்தம் கூடி, அதை நரம்புகள் மூளைக்குச் சொல்வதால் வரும் வலி அது. உங்கள் அம்மாவின் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுத்தபோது அதன் ரத்தக்குழாய்களோடு நரம்புகளும் துண்டிக்கப்பட்டன. உங்கள் உடலில் வைத்தபோது தமனியையும் சிரையையும் சிறுநீர்க்குழாயையும் இணைத்தார்கள். நரம்புகளை யாரும் இணைப்பதில்லை, இணைக்கவும் முடியாது. ஆகவே அந்தச் சிறுநீரகம் முழுவதுமாக அடைபட்டாலும் உங்களுக்கு அந்தப் பழைய வலி வராமலே போகலாம். அடிவயிற்றில் ஏதோ கனமாக இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

கல் சாதுவானது என்பதற்கு வலியின்மை சான்றாகாது என்பதை இதற்காகத்தான் சொல்கிறேன். வலி சொல்ல வேண்டியதை உங்கள் விஷயத்தில் கிரியாட்டினின்தான் சொல்கிறது. மூன்று மாதங்களாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறது. இரண்டு சிறுநீரகங்கள் உள்ளவருக்கு ஒன்று அடைபட்டால் மற்றது ஈடுகொடுக்கும். உங்களுடைய பழைய இரண்டும் உள்ளேயே இருந்தாலும் அவை வேலை செய்வதில்லை. இந்த ஒன்றை நம்பித்தான் உடல் இருக்கிறது. நீர்த்தேக்கமும் கிரியாட்டினின் ஏற்றமும் சேர்ந்து வந்திருக்கும் நிலையில் மே மாதம் வரை காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். இந்த வாரமே உங்கள் நெப்ராலஜி (சிறுநீரக நோய்) மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனைகளில் வேறு சிக்கல் எதுவும் தெரியாவிட்டால், இரண்டு மூன்று வாரங்களுக்குள் சிகிச்சை முடிந்துவிடும்படி திட்டமிடலாம். பிள்ளைகளின் திருப்புதல் தேர்வைச் சக ஆசிரியர் ஒருவர் நடத்திவிடுவார். மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுக்கத் தயங்காதீர்கள்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், சிறுநீர் அளவு திடீரென்று குறைதல், சிறுநீரில் ரத்தம், மாற்றுச் சிறுநீரகத்தின் மேல் கை வைத்தால் நோவு ஆகியவற்றில் எது வந்தாலும், இரவு பகல் பாராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளில் இருப்பவருக்குக் காய்ச்சல் கொளுத்துவதில்லை. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சற்றே தாண்டி நின்றுகொண்டு உள்ளே நஞ்சு பரவியிருக்கும். அடைப்போடு தொற்றும் சேர்ந்திருந்தால் அந்த வேளையில் யாரும் கல்லைத் தொட மாட்டார்கள். தோல் வழியாகச் சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, தேங்கியதை முதலில் வெளியேற்றுவார்கள். தொற்று அடங்கிய பிறகே கல்லைப் பற்றிப் பேச்சு. அப்படி ஒரு குழாயோடு வார்டில் படுக்க வைத்தால், "கல்லை எடுக்காமல் காலம் கடத்துகிறார்கள்" என்று உங்கள் அண்ணன் கோபப்பட வேண்டாம்.

கிரியாட்டினின் ஏறியதற்குக் கல் மட்டுமே காரணம் என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி "நாலைந்து நாள்" டைக்ளோஃபெனாக் போட்டதாகக் கடிதத்தின் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர் தொடவே கூடாத வலி மாத்திரை வகை அது. டாக்ரோலிமஸ் ரத்த அளவு கூடியிருந்தாலும் கிரியாட்டினின் ஏறும். உடல் அந்தச் சிறுநீரகத்தை மெல்ல நிராகரிக்கத் தொடங்கினாலும் ஏறும். கல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக மற்றவற்றைத் தேடாமல் விட்டால், கல்லை எடுத்த பிறகும் எண் இறங்காதபோது திகைத்து நிற்க நேரும்.

எந்த வழியில் எடுப்பது?

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதும் குழம்பிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். இருவரில் ஒருவர் தவறு என்று எண்ண வேண்டியதில்லை. 14 மி.மீ. என்பது இரண்டு வழிகளும் சந்திக்கும் எல்லையில் இருக்கும் அளவு. நான்கைந்து மி.மீ. கல்லாக, அடைப்பின்றி இருந்திருந்தால், அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்லியிருப்பேன். 20 மி.மீட்டரைத் தாண்டியிருந்தால் துளையிட்டு எடுப்பதைத் தவிர வேறு பேச்சே இருந்திருக்காது.

மாற்றுச் சிறுநீரகம் விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் இல்லை. அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்பின் குழிவுக்குள் தோலுக்கு அருகிலேயே இருக்கிறது. தையல் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் உங்கள் கைக்கே அது தட்டுப்படும். இந்த இடமாற்றத்தால் எல்லா முறைகளும் தலைகீழாகின்றன.

1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்ட அதிர்வலை சிகிச்சையில், நோயாளி வழக்கமாக மல்லாந்து படுப்பார். உங்களுக்கோ பின்னால் இருக்கும் இடுப்பெலும்பு அலைகளை மறித்துவிடும் என்பதால் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுப் பக்கமிருந்து அலைகளைச் செலுத்துவார்கள். கத்தி இல்லை, துளை இல்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால் ஒரே அமர்வில் முடியாமல் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். உடைந்த துகள்கள் சிறுநீர்க்குழாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அவை வரிசையாக அடுக்கிக்கொண்டு குழாயை அடைத்துவிட்டால் மற்றவருக்கு வலி சொல்லும், உங்களுக்கு அதுவும் சொல்லாது. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால், சிறுநீர்க்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை முன்கூட்டியே வைக்கப் போகிறார்களா, சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் கிரியாட்டினினும் ஸ்கேனும் எப்போதெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணால் குறிப்பார்கள். அது 1000ஐத் தாண்டியிருந்தால் கல் அதிர்வலைக்கு எளிதில் உடையாது.

சிறுநீர்ப்பையின் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் பொடியாக்கும் முறை மற்றவர்களுக்கு மிக எளிது. உங்களுக்குப் புதிய குழாயைச் சிறுநீர்ப்பையின் மேற்பகுதியில் இணைத்திருப்பார்கள். கீழிருந்து செல்லும் கருவி அந்த வாயைக் கண்டுபிடித்து, அங்கே வளைந்து நுழைவது கைதேர்ந்தவர்களுக்கே சில சமயம் வாய்ப்பதில்லை. முயன்று பார்க்கலாம், இதை மட்டுமே நம்பித் திட்டமிட வேண்டாம்.

மூன்றாவது, அண்ணன் பயப்படும் துளை வழி. 1976இல் ஸ்வீடன் மருத்துவர்கள் இருவர் தொடங்கிவைத்த இந்த முறையை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து முதுகு வழியாகச் செய்கிறோம். உங்களுக்கு மல்லாந்த நிலையிலேயே செய்யலாம். முதலில் அல்ட்ராசவுண்ட் கருவியை அடிவயிற்றில் வைத்து, தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே குடல் எதுவும் வந்து கிடக்கவில்லை என்பதை உறுதி செய்வோம். பிறகு ஊசி, அதன் வழியே ஒரு கம்பி, அந்தக் கம்பியின் மேல் படிப்படியாகத் தடித்த குழாய்கள் என்று பாதையை விரிப்போம். பழைய அறுவையின் தழும்புத் திசு கெட்டியாக இருப்பதால் இந்த விரிப்பில்தான் அவசரப்படக் கூடாது. இப்போதைய சிறுதுளைக் கருவிகளுக்கு ஏறக்குறைய ஒரு பென்சில் பருமனுள்ள பாதையே போதும். அதற்குள் கேமராவும் லேசரும் செல்லும். கல் அங்கேயே உடைந்து வெளியே வரும். ரத்தக்கசிவும் தொற்றும் இதில் உள்ள முக்கியமான அபாயங்கள். கசிவு நிற்காமல் போனால் ரத்தக்குழாய் வழியாகச் சென்று கசியும் கிளையை மட்டும் அடைக்க வேண்டிய நிலையும் அரிதாக வரும். குடலில் காயம் படுவது இன்னும் அரிது.

உங்கள் அறிக்கைகளை மட்டும் வைத்துச் சொல்வதானால் என் மனம் இந்த மூன்றாவது வழியின் பக்கமே சாய்கிறது. நீர் ஏற்கெனவே தேங்கியிருக்கிறது, கிரியாட்டினின் ஏறுகிறது. துகள்கள் தாமாக இறங்கட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கும் வசதி உங்களுக்கு இல்லை. கல்லை ஒரே முறையில், கண்ணால் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவது நல்லது. சாய மருந்து இல்லாத சி.டி. எடுத்த பிறகு, கல்லின் அடர்த்தியையும் இருக்கும் இடத்தையும் பார்த்து உங்கள் மருத்துவர் வேறு முடிவுக்கு வந்தால் அதையும் மதியுங்கள். சாயம் செலுத்தாத சி.டி. சிறுநீரகத்தைப் பாதிப்பதில்லை, "சி.டி. எடுத்தால் கிட்னி போய்விடும்" என்று யாரோ சொன்னது சாயம் செலுத்தும் சி.டி. பற்றியதாக இருக்க வேண்டும்.

எங்கே செய்துகொள்வது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். சிறுநீரக மாற்று அறுவை நடக்கும், நெப்ராலஜியும் யூராலஜியும் (சிறுநீர்ப் பாதை அறுவைப் பிரிவு) ஒரே கூரையின் கீழ் உள்ள மருத்துவமனையாக அது இருக்க வேண்டும். 1971 முதல் மாற்று அறுவை செய்துவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கி, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை வரை தமிழ்நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அனுமதிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று அறுவை நடந்த மருத்துவமனையிலிருந்து அறுவைக் குறிப்பின் நகலையும் வாங்கிவிடுங்கள். சிறுநீர்க்குழாயை எங்கே, எப்படி இணைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. கோபப்படாமல், மனுவாக எழுதிக் கொடுத்துக் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மாத்திரைகளைப் பற்றி

டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்றையும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அறுவை நாளன்று வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாலும், இவற்றை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கும்படிதான் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் பிரெட்னிசோலோன் எடுப்பதை மயக்க மருத்துவரிடம் தெரிவியுங்கள். அன்று கூடுதல் அளவு தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். பட்டியலில் உள்ள ஆஸ்பிரின் 75 மட்டும் ரத்தக்கசிவோடு தொடர்புடையது. அதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவர் நாள் குறித்துத் தருவார்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாகக் கூடித் தெரியும். அதை நம்பி அளவைக் குறைத்துவிட்டால் நிராகரிப்பில் போய் முடியலாம். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். ஆகவே சளிக்கு, தோல் அரிப்புக்கு என்று எந்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரைச் சீட்டை முதலில் நீட்டுங்கள். அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. போதாவிட்டால் அவர்களே வேறு தருவார்கள். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை எடுக்காமல் யாரும் கல்லைத் தொட அனுமதிக்காதீர்கள். உங்கள் கோப்பில் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை மட்டுமே இருக்கிறது.

வாழைத்தண்டு

அண்ணனின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கால்சியம் சேர்ந்த கற்களைக் கரைக்கும் சாறும் இல்லை, மாத்திரையும் இல்லை. யூரிக் அமிலக் கல் மட்டுமே, சிறுநீரின் அமிலத்தன்மையை மாற்றினால் கரையும். அதோடு டாக்ரோலிமஸ் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவைக்கும் மருந்து. உங்கள் பொட்டாசியம் 5.4 என்று இருக்கிறது; அதன் மேல் தினமும் ஒரு டம்ளர் தண்டுச் சாறு ஊற்றுவது இதயத் துடிப்போடு விளையாடுவது. பொரியலாக எப்போதாவது சாப்பிடுவதைப் பற்றி உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். சாறு இன்றோடு நிற்கட்டும். என்ன கலந்தது என்று தெரியாத கஷாயமும் அப்படியே. கேரளத்தில் கொழுப்புக் குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாறு குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிந்து, நல்ல சிறுநீரகமே பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. பம்பளிமாஸ் பழமும் உங்களுக்கு ஆகாது. அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றக்கூடியது.

"கால்சியம் கல் என்பதால் பால், தயிரை நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி தொடங்குங்கள். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அதை நிறுத்தினால் ஆக்சலேட் கூடுதலாக ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கி, கல்லுக்கு வழிசெய்கிறது. குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

கல் எங்கிருந்து வந்தது?

உங்கள் கோப்பைப் புரட்டும்போது என் கண் நின்ற இடம் கிரியாட்டினின் இல்லை. அதற்கு இரண்டு வரி கீழே இருந்த கால்சியம் 10.9. பொட்டாசியத்துக்கும் யூரியாவுக்கும் நடுவில் அதை யாரும் வட்டமிடவில்லை. டயாலிசிஸ் காலத்தில் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தேவைக்கு மேல் வேலை செய்து பெருத்துவிடும். நல்ல சிறுநீரகம் கிடைத்த பிறகு அவை அடங்க வேண்டும், சிலருக்கு அடங்குவதில்லை. ரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரில் வழிந்து, கல்லாகச் சேரும். அந்தச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச். அளவும் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் போடும் கால்சியம் மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். பி.டி.எச். கூடியிருந்தால் அதற்கு மாத்திரையும் உண்டு, அறுவையும் உண்டு. அதைக் கவனிக்காமல் கல்லை மட்டும் எடுத்தால் இன்னொரு கல்லுக்கு இடம் விட்டுவைத்ததாகவே ஆகும்.

எடுத்த கல்லைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள், ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கும் ஆசிரியைகளில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு மருத்துவரிடம் மருந்து இல்லை, தலைமை ஆசிரியரிடம்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்ற சீட்டை உங்கள் மருத்துவரிடம் வாங்கி அவரிடம் கொடுங்கள்.

சிகிச்சைக்குப் பின் உள்ளே ஸ்டென்ட் வைத்தால், அதை எடுக்க வேண்டிய தேதியை நாட்காட்டியில் எழுதி மாட்டுங்கள். வேறொரு மருத்துவமனையில் வைத்த ஸ்டென்டை மறந்துபோய், நான்கு ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்தார் ஒரு மீனவர். எடுத்துத் தட்டில் வைத்தபோது, விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு படிந்து, கடலில் கிடந்த கயிறு போல இருந்தது அது. அதை உடைத்து எடுக்க மூன்று அறுவைகள் ஆயின. எப்போது எடுக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், மாற்றுச் சிறுநீரகம் என்ற தலைப்பின் கீழ், கல் எதுவும் இல்லை என்று எழுதி மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறார். கொடுத்து ஐந்தாண்டு கழித்தும் அதில் கல் இல்லை. இந்தக் கல் அதற்குப் பிறகு, உங்கள் உடலின் கால்சியத்தால், உங்களுக்குள் உருவானது. அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், உங்கள் சி.டி.க்குப் போகும் நாளிலேயே அவரையும் உடன் அழைத்துச் சென்று இவற்றையும் ஒரு ஸ்கேனையும் எடுத்துவிடுங்கள். அவருக்கு மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தின் நரம்புகளை யாரும் தொடவில்லை. அதை ஏதேனும் ஒரு கல் அடைத்தால், வலியே அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடும்.